நாஷ்வில் நூலகத்து கவுன்டர்: பத்து விதி, இலவச அனுமதி

அமெரிக்காவில் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில். அங்கே சர்ச் தெரு 615-இல் உள்ள பொது நூலகத்தின் இரண்டாம் தளத்தில் ஓர் அறை இருக்கிறது. இரண்டாம் தளம் என்பது அவர்கள் கணக்கு, நமக்கு அது முதல் மாடி. பெயர் சிவில் உரிமை அறை. கட்டணம் கிடையாது. ஜன்னல் வழியே பார்த்தால் சர்ச் தெருவும் ஏழாவது அவென்யூவும் சந்திக்கும் முனை தெரியும். 1960-இல் கறுப்பின மாணவர்களின் உள்ளிருப்புப் போராட்டம் நடந்த கடைவீதி இது. கடையில் அவர்கள் சாமான் வாங்கலாம், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. இரட்டைக் குவளை கண்ட ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள், நடுவே ஸ்டூல்கள் போட்ட ஒரு கவுன்டர், அதாவது கடைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடும் நீள மேசை. இது பழைய கடையிலிருந்து பெயர்த்து வந்ததல்ல, அடையாளத்துக்குச் செய்து வைத்தது. அசல் கவுன்டர்தான் வேண்டும் என்பவர்கள் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவுக்குப் போக வேண்டும். அங்கே இதே போன்ற போராட்டம் நடந்த உல்வொர்த் கடைக் கட்டடமே 2010 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆனால் அறவழிப் போராட்டத்தை எப்படி நடத்துவது என்று கற்க வருபவருக்கு நாஷ்வில்தான் சரியான இடம். காரணம், அந்த கவுன்டரில் உட்கார்ந்து வாசிக்கக் கிடைக்கும் பத்து விதிகள். மாணவர்கள் அன்று கையில் வைத்திருந்த அதே விதிகள்.

மேலோட்டமாக வாசித்தால் பள்ளிக்கூட ஒழுக்க விதி போல இருக்கும். திருப்பி அடிக்காதே, திட்டாதே. வாய்விட்டுச் சிரிக்காதே. கடை மேற்பார்வையாளரோடு பேச்சுக் கொடுக்காதே. தலைவர் சொல்லாமல் இடத்தை விட்டு எழாதே. வாசலையும் நடைபாதையையும் மறிக்காதே. நிமிர்ந்து உட்கார், எப்போதும் கவுன்டரைப் பார்த்தே இரு. பட்டியலில் காரணங்கள் இல்லை. அவற்றைத் தெரிந்துகொண்டு போனால்தான் இந்த அறை பேசும்.

சிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் வரும் சிரிப்புதான், ஆனால் எதிரில் நிற்பவனுக்கு அது கேலி. அடிக்க ஒரு சாக்கு. மேற்பார்வையாளரோடு ஆளுக்கொரு பதில் பேசினால், வாயைப் பிடுங்கி யாரையாவது எதற்காவது ஒப்புக்கொள்ள வைத்துவிடுவார். அதனால் பேச்சு தலைவர் வழியாக மட்டும். வாசலை மறித்தால் போலீசுக்கு நியாயமான வழக்கு கிடைத்துவிடும், வேடிக்கை பார்க்கும் மற்ற வாடிக்கையாளரும் எதிராகிவிடுவார். கவுன்டரைப் பார்க்கச் சொன்னதுதான் இருப்பதிலேயே நுட்பமானது. ஸ்டூல் சுழலும், வசை கேட்டுத் திரும்பினால் அது இருவர் சண்டை. திரும்பாமல் இருக்கும்வரை அது சாப்பாடு கேட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளர் மேல் நடக்கும் தாக்குதல்.

விதியைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் உடம்பு கேட்டுவிடாது. அதற்குத்தான் ஜேம்ஸ் லாசன். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்றவர். பின்பு நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்தபடி காந்திய முறைகளைப் படித்துத் திரும்பியவர். 1959-இல் செவ்வாய்க்கிழமை மாலைகளில் கிளார்க் மெமோரியல் தேவாலயத்தில் அவர் நடத்தியது ஒத்திகை. சிலர் உட்காருவார்கள், சிலர் வெள்ளையராக நடித்துத் திட்டுவார்கள், ஸ்டூலிலிருந்து தள்ளுவார்கள், முகத்தில் சிகரெட் புகை ஊதுவார்கள். விழுந்தால் தலையை எப்படி மூடுவது, ஒருவர் அடிபடும்போது இன்னொருவர் எப்படிக் குறுக்கே புகுந்து அடியைப் பங்கு போட்டுக்கொள்வது எல்லாம் பயிற்சியில் உண்டு. நம்மூரில் அகிம்சை என்றதும் உண்ணாவிரதப் பந்தல்தான் நினைவுக்கு வரும். இவர்கள் செய்தது கபடிப் பயிற்சி போல.

அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில் இரண்டு கடைகளில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். கேட்பது, மறுத்தால் ஏன் என்று விசாரிப்பது, எழுந்து வந்துவிடுவது, அவ்வளவே. 1960 பிப்ரவரி 13 அன்று 124 மாணவர்கள் மூன்று கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். பிப்ரவரி 27-இல்தான் உண்மையான சோதனை. ஒரு கும்பல் புகுந்து அடித்தது. போலீஸ் கைது செய்தது அடித்தவர்களை அல்ல, உட்கார்ந்திருந்தவர்களை. ஒரு வரிசையை இழுத்துப் போனதும் காலியான ஸ்டூல்களில் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. மாற்று அணி தயாராக இல்லாத உள்ளிருப்பு முதல் கைதோடு முடிந்துவிடும். அன்று கைதானவர்கள் ஏறக்குறைய 80 பேர். 50 டாலர் அபராதம் விதித்தார்கள். மாணவர் தலைவி டயான் நாஷ் முதலானோர் கட்ட மறுத்துச் சிறையைத் தேர்ந்தெடுத்தார்கள். பணம் கட்டிக்கொண்டே இருந்தால் இயக்கத்தின் கஜானா காலியாகும். சிறையை நிரப்பினால் தலைவலி நகர நிர்வாகத்துக்கு.

கவுன்டரில் மயங்கி, வந்தவர்கள் தவறவிடக் கூடியது பொருளாதாரப் பக்கம். ஈஸ்டர் துணிமணி வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் கறுப்பின மக்கள் நகரக் கடைகளைப் புறக்கணித்தார்கள். வணிகர்களை இறங்கி வர வைத்ததில் ஸ்டூலுக்குச் சமமான பங்கு பூட்டிய பர்சுக்கு உண்டு. ஏப்ரல் 19 விடியற்காலையில் மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் வாய் திறக்காமல் நகர மண்டபத்துக்கு நடந்தார்கள். அங்கே படிக்கட்டில் டயான் நாஷ் கேட்ட கேள்விக்கு, பாகுபாடு தவறு என்று மேயர் பென் வெஸ்ட் ஒப்புக்கொண்டார். மே 10-இல் ஆறு கடைகள் கறுப்பின மக்களுக்கும் கவுன்டரைத் திறந்தன. அதிலும் திட்டம் இருந்தது: வணிகர்களுக்கு முன்பே சொல்லி வைத்த நாளில் சிறு சிறு குழுவாகப் போய்ச் சாப்பிடுவது, பத்திரிகை ஆரவாரம் இல்லாமல். வெற்றியைத் தம்பட்டம் அடித்திருந்தால் கும்பல் மறுபடி திரண்டிருக்கும்.

அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம்தான். ஆனால் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஆவணப்படம் பார்க்க வசதியும் இருக்கிறது. நகரப் போலீசுக்குப் புதிதாகச் சேருபவர்களுக்கே இந்த அறையை வைத்து வகுப்பு நடத்துகிறார்கள். நூலக விடுமுறை நாட்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளோடு போனால் படங்களைக் காட்டுவதற்கு முன் ஏழாவது விதியை ஐந்து நிமிடம் செய்யச் சொல்லுங்கள்: ஸ்டூலில் நிமிர்ந்து, கவுன்டரைப் பார்த்தபடி, பின்னால் நின்று நீங்கள் என்ன சொன்னாலும் திரும்பாமல்.