லாடரா, பெரிய குரூப்பா? 1000 கஜத்துக்கான தோட்டாவைச் சோதிக்கும் இரண்டு வழிகள்

ரைஃபிளுக்குப் பேரல் மாற்றிய கையோடு இதை எழுதுகிறேன். டெக்சஸில் நான் போகும் ரேஞ்சில் 1000 கஜம் வரை சுடலாம். ரைஃபிள் 6.5 கிரீட்மோர் ரகத் தோட்டாவுக்கானது, குண்டு 140 கிரெய்ன் (கிரெய்ன் என்பது ஒரு சின்ன எடை அளவு), பவுடர் எச்4350. தோட்டாவை நானே நிரப்பிக்கொள்கிறேன். பழைய பேரலில் சுமார் 2400 தோட்டா ஓடியது. அதில் 300-க்குக் குறையாமல் எந்த லோட் (குண்டு, பவுடர், பவுடர் அளவு ஆகியவற்றின் சேர்க்கை) நல்லது என்று தேடுவதிலேயே போயிற்று, அந்த 300-ல் பாதிக்கு மேல் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்பது பேரல் தேய்ந்த பிறகுதான் புரிந்தது. இந்த ரகத்தில் ஒரு பேரல் 2000-லிருந்து 3000 தோட்டா வரைதான் நல்ல துல்லியத்தோடு உழைக்கும், அதில் எட்டில் ஒரு பங்கைச் சோதனைக்கே கொடுத்துவிட்டேன் என்றால் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதனால் புதுப் பேரலுக்கு வழியை மாற்றினேன். இரண்டு வழியிலும் சுட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதல் வழி லாடர். கிரைட்டன் ஆடெட் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய முறை. பவுடரைச் சின்னச் சின்ன படியாக ஏற்றிக்கொண்டே போய், படிக்கு ஒரே ஒரு தோட்டா நிரப்பி, எல்லாவற்றையும் 200, 300 கஜத்தில் ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுடுவது. பவுடர் ஏற ஏறக் குண்டு மேலே போய் விழ வேண்டும். எங்கே இரண்டு மூன்று படிகள் மேலே ஏறாமல் ஒரே உயரத்தில் குவிகின்றனவோ, அங்கே பேரலின் அதிர்வு நமக்குச் சாதகமாக இருக்கிறது, அதுதான் ‘நோட்’ என்பார்கள். இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. டான் நியூபெரியின் ஓசிடபிள்யூ முறையில் படிக்கு மூன்று தோட்டா, 100 கஜத்தில், சுற்றிச் சுற்றி மாற்றிச் சுடுவது. இன்னொன்றில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபை வைத்துக்கொண்டு பத்தே தோட்டாவில் வேகம் ஏறாமல் தட்டையாக நிற்கும் இடத்தைத் தேடுவது.

இரண்டாவது வழிக்குத் தனிப் பெயர் இல்லை. இரண்டு மூன்று லோடை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 20 அல்லது 30 தோட்டா சுட்டு, மொத்தத்தையும் ஒரே குரூப்பாக, அதாவது தாளில் விழுந்த ஓட்டைகளின் ஒரே கூட்டமாகப் பார்ப்பது. அவ்வளவுதான்.

எந்த வழியில் போனாலும் தோட்டா நிரப்புவதற்கான ரீலோடிங் கையேட்டில் இருக்கும் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவில்தான் வேலை. பிரைமர் (தோட்டாவின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டையாவது, போல்ட் (தோட்டாவை அறைக்குள் பூட்டும் பகுதி) இறுகுவது போன்ற அழுத்தக் குறி தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இதைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 1959 ஆயுதச் சட்டப்படி அங்கே தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும்.

வேகம் அளக்கும் கருவியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்தை நம்பி வேலை செய்யும் பழைய ரகம் மேகம் மாறினால் தடுமாறும். பேரலில் பட்டை போட்டுக் கட்டும் மேக்னெட்டோஸ்பீட் சரியாக அளக்கும், ஆனால் பேரலில் எடை தொங்குவதால் குண்டு விழும் இடமே மாறிவிடும், குரூப்பையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. டாப்ளர் ரேடார் வகை எதையும் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். 2023-ல் வந்த கார்மின் ஸீரோ கைக்குள் அடங்கும் அளவு. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் இது இருந்ததால்தான் கைகூடியது, ஏனென்றால் குரூப்புக்காகச் சுடும் ஒவ்வொரு தோட்டாவின் வேகமும் கூடவே பதிவாகிவிடுகிறது.

சரி, எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்த ஒரே விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை தோட்டா சுட்டு முடிவெடுக்கிறோம் என்பதுதான் அது.

பழைய பேரலில் ஒரு சனிக்கிழமை லாடர் சுட்டேன், பத்துத் தோட்டா, 300 கஜம். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது படி மூன்றும் ஒரு அங்குல உயரத்துக்குள் விழுந்தன. நோட் கிடைத்துவிட்டது என்று ஆறாவது படியில் நூறு தோட்டா நிரப்பினேன். இரண்டு வாரம் கழித்து, கொஞ்சம் சந்தேகம் இருந்ததால், அதே பவுடர் டப்பா, அதே பித்தளை (தோட்டாவின் கூடு), அதே பத்துப் படியை மறுபடி சுட்டேன். இந்த முறை ஐந்தும் ஆறும் இரண்டரை அங்குலம் பிரிந்து விழ, எட்டும் ஒன்பதும் ஒட்டிக்கொண்டன. காற்று அதிகம் இல்லை, காற்று இருந்தாலும் லாடரில் பார்ப்பது உயரத்தைத்தானே. அப்போது நான் என் கை நடுங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

உண்மை வேறு. எந்த ரைஃபிளும் ஒரே லோடிலேயே குண்டைச் சிதறித்தான் போடும். என் ரைஃபிளின் இயல்பான சிதறல் 100 கஜத்தில் முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என்றால் 300 கஜத்தில் அது மூன்று மடங்கு. பக்கத்துப் படிகளுக்கு இடையே பவுடரால் வரும் உயர வித்தியாசம் அதைவிட மிகச் சின்னது. படிக்கு ஒரே தோட்டா சுட்டால் நான் பார்ப்பது பவுடரின் வேலையா, தற்செயலான சிதறலா என்று பிரித்துச் சொல்லவே வழியில்லை. பத்து முறை தாயம் உருட்டினால் எங்காவது ஒரே எண் அடுத்தடுத்து இரண்டு தடவை விழத்தான் செய்யும், அதற்காக அந்த இடத்தில் தாயக்கட்டை நிலைத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

மூன்று தோட்டா குரூப்பும் பெரிதாக மேல் இல்லை. கணக்குப்படி, ஒரே லோடில் மூன்று மூன்றாகச் சுட்டால் குரூப் அளவு (மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைக்கு நடுவில் உள்ள தூரம்) சராசரியிலிருந்து சுமார் 37 சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம். ஐந்தாகச் சுட்டால் 27, பத்தாகச் சுட்டால் 19. தவிர, மூன்று தோட்டா குரூப் சராசரியாகப் பத்துத் தோட்டா குரூப்பில் 63 சதவீதம்தான் இருக்கும். ஆகவே அது எப்போதும் ரைஃபிளை அதன் தகுதிக்கு மேல் காட்டும்.

இதை நம்ப எனக்கு ஒரு மாலை தேவைப்பட்டது. ஒரே லோடில் மூன்று மூன்றாகப் பத்துத் தாளில் 100 கஜத்தில் சுட்டு வைத்திருந்தேன். மிகச் சின்னது 0.31 அங்குலம், மிகப் பெரியது 0.95. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்து எடுத்த தோட்டா. பத்துத் தாளையும் குறிப்புள்ளி ஒன்றன்மேல் ஒன்று வரும்படி அடுக்கி, நடுவில் குண்டூசி குத்தி, ஜன்னல் கண்ணாடியில் வெயிலுக்கு எதிராகப் பிடித்தேன். மேல் தாளில் ஒவ்வொரு ஓட்டையையும் பேனாவால் வட்டமிட்டு முடித்தபோது முப்பது வட்டங்கள், நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும், 1.2 அங்குலத்துக்கு ஒரு உருண்டைக் கூட்டம். இதுவரை நான் ஃபோட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிய அந்த 0.31, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒரு மூலையில் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு லோடை மட்டும் எடுத்தேன். முதல் லாடர் காட்டிய ஆறாவது படி, இரண்டாவது லாடர் காட்டிய ஒன்பதாவது படி. தலா முப்பது. ஓரத்தில் விழுந்த இரண்டை மட்டும் பார்க்காமல் எல்லா ஓட்டையையும் கணக்கில் எடுக்க, குரூப்பின் மையத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி பார்த்தேன். ஒன்று 0.31 அங்குலம், மற்றது 0.33. வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் குண்டை வேறு கம்பெனிக்கு மாற்றி அதே மாதிரி முப்பது சுட்டதும் 0.42 வந்தது. பவுடரைக் கால் கிரெய்ன் கூட்டிக் குறைத்து மாதக்கணக்கில் தேடியதில் கிடைக்காத வித்தியாசம், குண்டை மாற்றியதில் ஒரே காலையில் தெரிந்தது.

வேகத்திலும் இதே கதை. ஐந்து தோட்டாவில் எஸ்டி, அதாவது வேகத்தின் திட்ட விலக்கம், நொடிக்கு 4 அடி என்று வந்தது. ஐந்தை வைத்துச் சொன்னால் உண்மையான மதிப்பு அதில் 0.6 மடங்கிலிருந்து கிட்டத்தட்ட 2.9 மடங்கு வரை எங்கும் இருக்கலாம், 95 சதவீத உறுதி என்பதே அவ்வளவு அகலம். முப்பது சுட்டபோது 9.5 ஆயிற்று. முப்பதில் அந்த இடைவெளி 0.8-லிருந்து 1.34 மடங்கு, இதை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம்.

100 கஜத்தில் இது கண்ணுக்கே தெரியாது, 1000 கஜத்தில்தான் வலிக்கும். என் ரைஃபிளில் நொடிக்கு 10 அடி மாறினால் 1000 கஜத்தில் சுமார் 3 அங்குலம் மேலே கீழே போகும். 9.5 எஸ்டி என்றால் பெரும்பாலான குண்டுகள் ஏறக்குறைய ஓர் அடி உயரத்துக்குள் பரவும், அதுவும் ரைஃபிளின் சொந்தச் சிதறலைச் சேர்க்காமல். எஃப்-கிளாஸ் என்ற தொலைதூரப் போட்டியின் இலக்கில் பத்து மதிப்பெண் வளையமே 10 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். அப்புறம்தான் பவுடர் நிறுக்கும் தராசை 0.1 கிரெய்னிலிருந்து 0.02 கிரெய்ன் காட்டும் தராசுக்கு மாற்றினேன், பித்தளையின் கழுத்தை ஒவ்வொரு முறையும் சூடாக்கிப் பதப்படுத்தத் தொடங்கினேன். இப்போது முப்பதில் 7 வருகிறது. தராசு காரணமா, கழுத்து காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டேன்.

லாடர்காரர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. மெதுவாகப் போகும் குண்டு பேரல் மேல்நோக்கி அசையும் கணத்தில் வெளியேறினால் தொலைவில் வேக வித்தியாசம் ஓரளவு சமனாகிவிடும், பழைய .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள்கள் இந்தக் குணத்துக்குப் பேர் போனவை. அதை 100 கஜத்தில் பார்க்கவே முடியாது, தொலைவில் சுட்டால்தான் தெரியும். ரைஃபிளை மேசையில் தாங்கி வைத்துத் துல்லியத்துக்காக மட்டும் சுடும் 1000 கஜ பெஞ்ச்ரெஸ்ட் ஆட்கள் குண்டின் நுனியில் கலர் கலராக மார்க்கர் பூசி, தாளில் எந்த ஓட்டை எந்தப் படியுடையது என்று கண்டுபிடித்து லாடர் சுடுகிறார்கள். அவர்களுடைய ரைஃபிள் என்னுடையதைவிடப் பாதி சிதறலில் சுடும், அப்படிப்பட்ட ரைஃபிளில் சின்ன வித்தியாசமும் வெளியே தெரிய வாய்ப்பு அதிகம். நான் அந்த வகை ரைஃபிளில் சுட்டதில்லை. மெல்லிய பேரல் கொண்ட வேட்டை ரைஃபிளிலும் என் அனுபவம் குறைவு, அதில் முப்பதைத் தொடர்ந்து சுட்டால் பேரல் சூடேறிக் குரூப்பே நகரும், ஐந்தைந்தாக ஆறவிட்டுத்தான் சுட வேண்டும்.

செலவு என்று வந்தால் லாடர்தான் மலிவு என்று தோன்றும், பத்துத் தோட்டாதானே. எனக்கு அப்படி நடக்கவில்லை. முதல் லாடர் பத்து, இரண்டாவது பத்து, சந்தேகம் தீர ஓசிடபிள்யூ 24, குண்டை உள்ளே தள்ளும் ஆழத்துக்கு மும்மூன்றாக 18, அதிலும் முடிவு வராமல் மறுபடி எல்லாம். ஒரு தோட்டா ஏறக்குறைய ஒரு டாலர். புதுப் பேரலில் முதல் நூறு தோட்டாவைச் சோதனையே இல்லாமல் பயிற்சிக்குச் சுட்டேன், புதுப் பேரலில் வேகம் ஏறி நிலைக்க அந்த அளவு பிடிக்கிறது. பிறகு இரண்டு குண்டு, ஒவ்வொன்றுக்கும் கையேட்டு உச்சத்துக்கு நன்றாகக் கீழே ஒரே பவுடர் அளவு, தலா முப்பது. அறுபது தோட்டா, இரண்டு ஞாயிற்றுக்கிழமை. சராசரி தூரம் 0.29-ம் 0.38-ம். 0.29 கொடுத்த குண்டை எடுத்துக்கொண்டேன், அதில் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், ஆயிரம் வாங்கி வைத்தாயிற்று. மிச்சமிருக்கும் தோட்டாவெல்லாம் இனி 1000 கஜத்தில் காற்றைப் படிக்கப் பழகுவதற்கு.