காட்டைத் தனியே பிரிப்பதா, வயலோடு கலப்பதா?

மனிதர் வாழத் தகுந்த நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதி இன்று உழவுக்கும் மேய்ச்சலுக்கும் போய்விட்டது. காடு, புதர், புல்வெளி, ஏரி, ஊர், சாலை எல்லாம் மீதிப் பாதிக்குள் அடக்கம். சாப்பிடும் வாய்கள் இன்னும் கூடப்போகின்றன. இந்த நெருக்கடியில் நிலத்தை எப்படிப் பங்கிடுவது என்பது குறித்துச் சூழலியலாளர்கள் இருபது ஆண்டுகளாக வழக்காடி வருகிறார்கள்.

இருக்கிற வயலிலேயே முடிந்த மட்டும் விளைவித்துவிட்டு, மற்ற நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிடுங்கள் என்கிறது ஒரு தரப்பு. வயலையே பல உயிர்கள் தங்கும் இடமாக்குங்கள், நடுவில் மரமும் ஓரத்தில் புதரும் இருக்கட்டும், விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்கிறது மறு தரப்பு. முதல் வழியைப் பிரித்தல் என்றும் இரண்டாவதைக் கலத்தல் என்றும் வைத்துக்கொள்வோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான காட்டுயிர்களுக்குப் பிரித்தல்தான் நல்லது. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: விளைச்சல் கூடினால் நிலம் மிஞ்சும் என்பது. அப்படித் தானாக மிஞ்சிய நிலத்தை நான் எங்கும் காணவில்லை.

முதலில் கணக்கு. சூழலியலாளர் ரைஸ் கிரீனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2005-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான் இந்த விவாதத்துக்கு ஒரு வடிவம் தந்தது. வேளாண்மை தீவிரமாக ஆக, ஓர் உயிரினத்தின் எண்ணிக்கை எந்த வேகத்தில் குறைகிறது என்று பாருங்கள் என்றார்கள். அடர்காட்டின் நிழலில் சருகைக் கிளறி இரை தேடும் ஒரு பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வெயில் விழத் தொடங்கியதுமே அது இடத்தைக் காலி செய்துவிடும். அதற்காக வயலில் பத்து மரம் விட்டாலும் பயனில்லை. விட்டதற்காக விளைச்சல் குறைந்திருக்கும், அந்தக் குறைவை ஈடுகட்ட வேறெங்கோ ஒரு காடு வெட்டுப்படும். 2011-இல் பென் ஃபேலன் குழுவினர் கானாவிலும் வட இந்தியாவிலும் பறவைகளையும் மரங்களையும் எண்ணிப் பார்த்தபோது, பெரும்பாலான இனங்களுக்குப் பிரித்தலே ஏற்றது என்று தெரிந்தது. குறுகிய பரப்பில் மட்டும் வாழும் இனங்களுக்கும் முடிவு அதேதான். அந்த ஆய்வை எளிதில் தள்ளிவிட முடியாது.

சரி, களத்தில் என்ன நடந்தது? செம்பனையைப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் மூன்று நான்கு டன் எண்ணெய் தரும் மரம் அது. சோயா தருவது அரை டன் அளவுதான். பிரித்தல் தரப்பின் வாதப்படி செம்பனை வந்த இடத்தில் காடு பிழைத்திருக்க வேண்டும். சுமத்ராவிலும் போர்னியோவிலும் நேர்மாறாக நடந்தது. அதிகம் விளைந்ததால் அதிக லாபம் வந்தது, லாபம் வந்ததால் மேலும் மேலும் நட்டார்கள். கரிநிலச் சதுப்புகளில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிச் சேர்ந்த அந்த மண் காய்ந்துவிட்டால் மண்ணே விறகாகிவிடும். நெருப்பு தரைக்கு அடியில் கனன்றுகொண்டே இருக்கும், மேலே தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. 2015-இல் இந்தோனேசியாவில் காடும் சதுப்புமாக எரிந்த பரப்பு சுமார் 26 லட்சம் ஹெக்டேர். நீராவி இயந்திரத்தின் திறன் கூடக்கூட நிலக்கரிச் செலவு குறையாமல் ஏறுகிறது என்று 1865-லேயே எழுதினார் ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். நிலக்கரிக்கு அவர் சொன்னது நிலத்துக்கும் பொருந்துகிறது.

அப்படியானால் பிரித்தல் நடக்கவே நடக்காதா? நடந்திருக்கிறது. பிரேசிலின் அமேசானில் 2004-இல் ஒரே ஆண்டில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு அழிந்தது. 2012-இல் அது 4,600-க்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில் அந்நாட்டின் சோயா உற்பத்தி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, வெட்டு நடக்கும்போதே ஆட்களை அனுப்பினார்கள். புதிதாக அழித்த காட்டில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று பெரு வணிகர்கள் 2006-இல் ஒப்பந்தம் செய்தார்கள். நிலப் பத்திரமும் சூழல் விதியும் சரியில்லாதவருக்கு 2008 முதல் வங்கிக் கடன் கிடைக்கவில்லை. பிறகு காவல் தளர்ந்தது. 2021-இல் அழிவு மீண்டும் 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. இடையில் வயல்களின் விளைச்சல் ஒன்றும் சரிந்துவிடவில்லை, மாறியது காவல் மட்டும்தான்.

காவல் என்றதும் பலருக்கும் வேலியும் சீருடையும்தான் நினைவுக்கு வருகின்றன. பிரித்தல் தரப்பின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். வரைபடத்தில் பச்சை தீட்டுகிறவர்கள், அந்தப் பச்சைக்குள் ஏற்கெனவே குடியிருப்பவர்களைக் காண்பதில்லை. 1959-இல் இன்றைய தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1991-இல் உகாண்டாவின் புவிண்டி காடு தேசியப் பூங்காவானதும் பட்வா மக்கள் தங்கள் காட்டை இழந்தார்கள். இத்தனைக்கும் அமேசானின் செயற்கைக்கோள் படத்தில், சுற்றிலும் வெட்டவெளியாகிவிட்ட பரப்புக்கு நடுவே பச்சைத் திட்டாக நிற்பது ஷிங்கு போன்ற பழங்குடி நிலம்தான். உள்ளே இருப்பவருக்கு உரிமை இருந்தால் அவரே காவலர். 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்பதாக 2022-இல் மான்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த 30 யாரை வெளியே தள்ளி வரப்போகிறது என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

இனி மறுபக்கம். கலத்தலுக்கு நான் காட்டும் சான்று மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜர். அங்கே குடியேற்ற ஆட்சிக் காலம் தொட்டு மரம் அரசுடைமையாக இருந்தது, வெட்டினால் அபராதம். தனக்குச் சொந்தமில்லாத மரத்தை உழவர் ஏன் வளர்ப்பார்? விதைப்புக்கு முன் நிலத்தைத் துப்புரவாக்கும்போது துளிர்களையும் சேர்த்து வெட்டி எறிந்தார்கள். 1980-களில் மராடி வட்டாரத்தில் வேலை செய்த ஆஸ்திரேலிய வேளாண் அறிஞர் டோனி ரினாடோ, புதர் என்று எல்லோரும் நினைத்தவை வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் துளிர்கள் என்று கண்டார். நாற்று வேண்டாம், தண்ணீர் வேண்டாம். நல்ல நாலைந்து கிளைகளை விட்டு மற்றதைக் கழித்தால் போதும். அரசின் பிடியும் தளர்ந்தது. மரம் தனக்கே என்று உழவர்கள் நம்பத் தொடங்கினார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின.

அந்த வயல்களில் நிற்கும் 'காவோ' மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழைக்காலம் தொடங்கும்போது அது இலையை உதிர்த்துவிடும். கீழே கம்பும் சோளமும் முளைக்கும் நேரத்தில் நிழல் இல்லை, உதிர்ந்த இலையோ உரமாகிறது. பயிர் அறுவடையாகி ஊரெல்லாம் வறண்டு கிடக்கையில் மரம் தழைத்து நிற்கும், ஆடுமாடுகளுக்கு நிழலும் நெற்றும் கிடைக்கும். விளைச்சலா மரமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே அங்கு இல்லை. மரம் வந்தால் விளைச்சல் குறையும் என்று தொடங்கும் கணக்கு இந்த வறண்ட மண்ணில் உடைந்துபோகிறது.

ஆனால் எல்லா மண்ணும் நைஜர் இல்லை. வளமான, நீர்ப்பாசனமுள்ள நிலத்தில் இரசாயன உரத்தைக் கைவிட்டால் விளைச்சல் உறுதியாக அடிவாங்கும். இயற்கை வேளாண்மையின் விளைச்சல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மண்ணைத் தயார் செய்யாமல் 2021-இல் இலங்கை இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தது, நெல் சரிந்தது, சில மாதங்களில் அரசு பின்வாங்கியது. நல்ல எண்ணத்தோடு கலத்தலை ஆதரிப்பவர்கள் இந்தக் குறைவை யார் எந்த நிலத்தில் ஈடுகட்டுவது என்று சொல்வதே இல்லை.

இரு தரப்பும் சேர்ந்து விட்டுவிடுகிற ஒன்று உண்டு. வேளாண் நிலத்தில் முக்கால் பங்கு கால்நடை மேயவும் தீவனம் விளையவும் போகிறது. மனிதருக்கு அதிலிருந்து கிடைப்பது மொத்தக் கலோரியில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. எவ்வளவு உணவு தேவை என்பதை மாறாத எண்ணாக வைத்துக்கொண்டு விளைச்சலைப் பற்றி மட்டும் சண்டை போட்டால் இது கண்ணில் படாது.

எனவே அடர்காட்டுக்கும் சதுப்புக்கும் நான் பிரித்தல் பக்கம், உள்ளே வாழ்பவர்களின் உரிமைப் பத்திரத்தோடு சேர்த்து. வறண்ட சிறுவயல்களுக்குக் கலத்தல் பக்கம். விளைச்சலைக் கூட்டி நிலத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று ஒரு திட்டம் வந்தால் அதில் மூன்றைத் தேடுவேன். மிச்சமாகும் நிலம் எங்கே இருக்கிறது? யார் பெயரில் இருக்கிறது? விளைபொருள் விலை ஏறினால் யார் அதைத் தடுத்து நிறுத்துவார்? ஐரோப்பாவில் 1992 முதல் தானியம் தேங்கியதால் உழவர்கள் ஒரு பங்கு நிலத்தைக் கட்டாயமாகத் தரிசு போட்டார்கள். பறவைக்காகப் போட்டதில்லை என்றாலும் வானம்பாடிகள் அங்கே கூடுகட்டின. தானிய விலை ஏறியதும், 2008 அறுவடைக்கான கட்டாயத் தரிசின் அளவு பூஜ்யம் என்று அறிவித்தார்கள். அந்த நிலம் மீண்டும் உழப்பட்டது.