விலை குறைந்த கறுப்பு, விலை கூடிய இளஞ்சிவப்பு

புது நெயில் பாலிஷ் குப்பியைத் திறக்கிற அன்றைக்கே அதன் அடியில் பெர்மனென்ட் மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதிவிடுவேன். ஒன்பது வருடப் பழக்கம் இது. ஒரு ஷூ பெட்டி நிறைய குப்பிகள் இருக்கின்றன. எதைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தாலும் அதன் வயது தெரியும். பாதிக்கு மேல் காலியானவை எவை, இரண்டு தடவை போட்டுவிட்டு மறந்தவை எவை என்பதும் தெரியும். கொடுத்த காசு வீணாகவில்லையா என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை நான் அடிவரை தீர்த்த குப்பிகள் மொத்தமே நான்கு. இரண்டு டாப் கோட் (நிறத்துக்கு மேலே கடைசியாகப் பூசுவது), ஒரு பேஸ் கோட் (நிறத்துக்கு அடியில் முதலில் பூசுவது), ஒரு வெளிர் இளஞ்சிவப்பு. ஆசை ஆசையாக வாங்கிய நீலம், பச்சை, ஜிகினா எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இதைக் கவனித்த பிறகுதான் நான் வாங்கும் முறையே மாறியது.

என் கைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க கீபோர்டில் தட்டுகிற வேலை. பாத்திரம் கழுவும்போது கையுறை போட மாட்டேன். போட வேண்டும் என்று தெரியும், பொறுமை இல்லை. நகம் மெல்லியது, லேசாக வளையும். அதனால் எந்த பாலிஷ் போட்டாலும் முதலில் பெயர்வது வலது கட்டைவிரல் நுனி. புது பிராண்ட் வாங்கினால் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று என்று போட்டு, அடுத்த தடவை கை மாற்றிப் போடுவேன். மாற்றாமல் பார்த்தால் வலது கையில் போட்டது எப்போதும் தோற்றுவிடும், பாவம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எந்த விலை பிராண்ட் நல்லது என்பது தப்பான கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எந்த நிறத்துக்கு எந்த விலை என்று கேட்க வேண்டும்.

நெயில் பாலிஷின் அடிப்படைச் சரக்கு எல்லா விலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். படலமாக உறையும் நைட்ரோசெல்லுலோஸ், அதைக் கரைத்து வைத்திருக்கும் எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட், படலம் விறைத்து உடையாமல் வளைய வைக்கும் பிளாஸ்டிசைசர், அப்புறம் நிறமி. வித்தியாசம் வருவது அளவுகளிலும், நிறமியை எவ்வளவு நைசாக அரைத்திருக்கிறார்கள் என்பதிலும், பிரஷ்ஷிலும். கறுப்பு, அடர் சிவப்பு, அடர் நீலம் போன்றவற்றில் நிறமி நிறைய இருப்பதால் கொஞ்சம் மேடு பள்ளமாகப் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. வெளிர் நிறங்களில் ஒரு பிரஷ் கோடு விழுந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆகவே கறுப்பு, மெரூன், ஜிகினா, ஒரே ஒரு நாளைக்கு ஆசைப்பட்ட விசித்திர மஞ்சள், இதெல்லாம் வேண்டுமென்றால் கீழ்த்தட்டு விலையிலேயே வாங்குங்கள். வெட் அண்ட் வைல்ட், எசென்ஸ் என்ற இரண்டு பிராண்டும் எனக்கு நன்றாக உழைத்திருக்கின்றன. எசென்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது குப்பி சின்னது என்பது. 8 மில்லிக்கு மேல் பச்சை பாலிஷை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? வெட் அண்ட் வைல்டின் கறுப்பு ஒரு கோட் (பூச்சு) அடித்தாலே முக்கால்வாசி மூடிவிடும், இரண்டாவது பூச்சில் கண்ணாடிபோல் ஆகிவிடும். அதை வலது கையிலும், அதைவிடப் பலமடங்கு விலையுள்ள ஒரு கறுப்பை இடது கையிலும் போட்டு, மேலே ஒரே டாப் கோட் பூசி, எது விலை கூடியது என்று தோழியிடம் கேட்டேன். மாற்றிச் சொன்னாள்.

விலை குறைந்தவற்றில் எனக்கு ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. பெயர் வேண்டாம். நல்ல ரத்தச் சிவப்பு, கொள்ளை விலைக்குறைவு என்று வாங்கி, பேஸ் கோட் போடாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். அழித்ததும் பார்த்தால் பத்து நகமும் பழைய காகிதம்போல மஞ்சள். எலுமிச்சை, பற்பசை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதுவும் உதவவில்லை. கைவிரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். கறை நுனிவரை நகர்ந்து வெட்டிப் போக ஐந்து மாதம் ஆனது. சிவப்பு நிறமிகளில் சிலவற்றுக்கு நகத்தில் இறங்கும் குணம் உண்டு, விலை கூடிய சிவப்பிலும் இது நடக்கும். எனவே தப்பு பாதி என் மேல்தான்.

நடுத்தட்டுக்கு வந்தால், நான் அதிகம் செலவழித்தது ஓபிஐ, எஸ்ஸி, ஜோயா என்ற மூன்று பிராண்டிலும்தான். ஓபிஐ ஆரம்பத்தில் பல் மருத்துவப் பொருட்கள் விற்ற நிறுவனம். பொய்ப்பல்லுக்கான அக்ரிலிக்கிலிருந்து செயற்கை நகத்துக்கு வந்து, 1989இல் நெயில் பாலிஷுக்கு வந்தார்கள். அதன் பிரஷ் அகலமானது. நகத்தின் நடுவில் ஒரு இழுப்பு, இரு பக்கமும் ஒவ்வொரு இழுப்பு, முடிந்தது. என் சுண்டுவிரலுக்கு மட்டும் அது சற்றே பெரிது, அங்கே பிரஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பிக் ஆப்பிள் ரெட் என்ற அவர்களுடைய சிவப்புக்கு இணையாக இன்னொன்றை நான் தேடவே இல்லை. பேஸ் கோட்டோடு போட்டால் என் கையில் ஐந்து நாள் நிற்கும். என் கை என்பதை நினைவில் வையுங்கள். கையுறை போடுகிறவர்களுக்கு ஒரு வாரம் தாண்டலாம்.

ஜோயாவில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெண் பெயர் வைத்திருப்பார்கள். கடையில் நின்று பெயர் சொல்லிக் கேட்கும்போது யாரையோ விசாரிப்பதுபோல இருக்கும். வாடை குறைவு, மெட்டாலிக் நிறங்கள் அருமை.

தீர்ந்துபோன அந்த இளஞ்சிவப்பு எஸ்ஸியுடையது. நிறத்தின் பெயர் பாலே ஸ்லிப்பர்ஸ். எஸ்ஸி வைன்கார்ட்டன் என்பவர் 1981இல் தொடங்கிய பிராண்ட் அது. இரண்டாம் எலிசபெத் ராணிக்காக இந்த நிறத்தைக் கேட்டு அவருடைய சிகை அலங்காரக்காரர் 1989இல் கடிதம் எழுதியதாக ஒரு கதை பிரபலம். ராணியை நினைத்து வாங்கிவிட்டு ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் இது முழுக்க மூடுகிற நிறம் அல்ல. பாலில் ஒரு துளி சிவப்பு கலந்ததுபோல ஊடே நகம் தெரியும். தடிமனாக இரண்டு கோட் அடித்தால் திட்டுத்திட்டாக நிற்கும். பிரஷ்ஷின் ஒரு பக்கத்தைக் குப்பியின் கழுத்தில் நன்றாக வழித்துவிட்டு, மறுபக்கத்தில் இருக்கும் கொஞ்சத்தை நகத்தின் மேல் அழுத்தாமல் மிதக்கவிட்டு இழுக்க வேண்டும். இழுத்த இடத்தைத் திரும்பத் தொடக்கூடாது. ஐந்து நிமிடம் விட்டு இரண்டாவது. மறுபடி ஐந்து நிமிடம், மூன்றாவது. அப்போது கோடுகள் தானாகச் சமமாகி, நகம் ஆரோக்கியமாக இருக்கிறது, பாலிஷ் எதுவும் போடவில்லை என்று தோன்றும். இதே நிறத்தில் விலை குறைந்தவை நான்கு வாங்கிப் பார்த்தேன். ஒன்று சுண்ணாம்பு அடித்த சுவர், இன்னொன்றில் மூன்று கோட் அடித்தும் பிரஷ் கோடு போகவில்லை. மற்ற இரண்டையும் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. நுனி பெயர்ந்தாலும் வெளியே தெரியாது என்பது இந்த நிறத்தின் இன்னொரு சௌகரியம். வேலைக்குப் போகிற கைகளுக்கு இதைவிடச் சோம்பேறித்தனமான நிறம் இல்லை.

மேல்தட்டு. ஷனேலின் ரூஜ் நுவார் என்னிடம் இருக்கிறது. பிறந்தநாள் பரிசு, நானாக வாங்கியிருக்க மாட்டேன். 1994இல் ஒரு ஃபேஷன் ஷோவுக்காக உருவான, கறுப்போடு போட்டி போடும் சிவப்பு. நிழலில் பார்த்தால் கறுப்பு, ஜன்னல் பக்கம் கையை நீட்டினால் உள்ளே ரத்தம் ஓடுவதுபோலத் தெரியும். நிறத்துக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்டால், என் கையில் ஓபிஐ நின்ற அளவுதான். விலைக்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் இல்லை என்பதை எனக்குக் காட்டியது அந்தக் குப்பிதான். வெளிமூடியைக் கழற்றினால் பிரஷ் பிடிக்க வசதியாக இருக்கிறது, மேசையில் வைத்தால் அழகாக இருக்கிறது. அதற்குக் காசு கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

இன்னொரு பெரிய ஃபேஷன் நிறுவனத்தின் குப்பியை என் சொந்தக் காசில் வாங்கி நொந்துபோனேன். இரவு ஒன்பது மணிக்குப் போட்டு, பதினொரு மணிக்குத் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பிப் படுத்தேன். காலையில் பத்து நகத்திலும் போர்வையின் நெசவு அச்சு.

அந்தக் காலையில்தான் டாப் கோட்டின் அருமை புரிந்தது. நிறத்தில் சிக்கனமாக இருங்கள், இங்கே மட்டும் தாராளமாக இருங்கள் என்பேன். நான் தீர்த்த இரண்டு டாப் கோட்டில் ஒன்று செஷ் வீட், மற்றது சாலி ஹேன்சனின் இன்ஸ்டா ட்ரை. செஷ் வீட்டை ஈரமான பாலிஷ் மேலேயே போட வேண்டும், கீழ் அடுக்குகளுக்குள் இறங்கி எல்லாவற்றையும் சேர்த்து உறைய வைப்பதுதான் அதன் வேலை. போடும்போது நுனியைச் சுற்றி, நகத்தின் வெட்டுமுனை வரை பிரஷ்ஷை மடித்து இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் இந்த வகை டாப் கோட் காயும்போது சுருங்கி, நுனியில் மயிரிழை அளவுக்கு நிறத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும். கருநிறம் போட்டிருந்தால் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரியும். இன்ஸ்டா ட்ரை கொஞ்சம் மெல்லியது, சுருங்குவதும் குறைவு. இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பாலிஷ் பெயர்வதற்கு பிராண்டைத் திட்டுகிறவர்கள் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். குளித்துவிட்டு வந்த கையோடு பாலிஷ் போட்டால், உப்பிய நகத்தின் மேல் படலம் உறைகிறது. பிறகு காயக் காய நகம் சுருங்கிவிடும், படலம் சுருங்காது. இடையில் இடைவெளி விழுந்தாயிற்று. நான் போடுவதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் கையை நனைக்க மாட்டேன், பிறகு பாலிஷை அழிக்கும் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்து எண்ணெய்ப் பசையை எடுப்பேன். இந்த ஒரு துடைப்பு மட்டும் எனக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கொடுத்தது, எந்த விலை பாலிஷிலும்.

ஜிகினாவைப் பற்றி ஒரே வரி: போடுவது ஐந்து நிமிடம், எடுப்பது அரை மணி. ரிமூவரில் ஊறிய பஞ்சை நகத்தில் வைத்து அலுமினியத் தாளால் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் வந்துவிடும். ஹோலோகிராஃபிக் வேண்டுமென்றால் மட்டும் கீழ்த்தட்டில் தேடாதீர்கள். வெயிலில் வானவில் கோடாக உடைந்து ஓடுகிற அந்த நிறமியே விலை கூடியது. 2019இல் வந்த ஹோலோ டாக்கோ மாதிரியான சிறு பிராண்ட்களில் அது உண்மையாகவே கிடைக்கிறது. ஒரு குப்பி போதும், கறுப்பின் மேல் ஒரு கோட் போட்டால் கறுப்பும் புதுசாகிவிடும்.

லேபிளில் ‘3 ஃப்ரீ’, ‘5 ஃப்ரீ’, ‘10 ஃப்ரீ’ என்றெல்லாம் இருக்கும். டொலுவீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் என்ற மூன்று ரசாயனங்களும் இல்லை என்பது 3 ஃப்ரீ. அதோடு கற்பூரமும் ஃபார்மால்டிஹைடு ரெசினும் இல்லையென்றால் வழக்கமாக 5. அதற்கு மேல் போகிற எண்களுக்கு எல்லோருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது, ஆளாளுக்கு எண்ணிக்கொள்கிறார்கள். எண்ணைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள், பொருள் பட்டியலைப் பாருங்கள். எந்த எண்ணாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் போட வேண்டும்.

கடைசியாக, கட்டியான குப்பிகள். ரிமூவர் ஊற்றி இளக்குவதை விட்டுவிடுங்கள். அது படலத்தையே கெடுக்கும், இரண்டு நாளில் உரிந்து வரும். பாலிஷ் தின்னர் என்று தனியாக இருக்கிறது, அதே எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட்தான். மூன்று சொட்டு விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து உருட்டினால் குமிழி வராது. மூடுவதற்கு முன் குப்பியின் கழுத்தைத் துடைத்துவிட்டால் அடுத்த தடவை பல்லால் திறக்க வேண்டிய நிலை வராது. என்னுடைய ஓபிஐ சிவப்புக்கு அடியில் எழுதிய தேதிப்படி இப்போது ஆறு வயது. போன வாரம் மூன்று சொட்டு விட்டு உருட்டினேன். இதைத் தட்டிக்கொண்டிருக்கும் விரல்களில் இருப்பது அதுதான். மூன்றாவது நாள், வலது கட்டைவிரல் நுனி வழக்கம்போல லேசாக ஆரம்பித்திருக்கிறது.