மைக்கா, துண்டுச்சீட்டா? உரை முடிந்ததும் கேள்வி வாங்கும் வழிகள்

மதுரைக் கூட்டங்களில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கேட்பவர்கள் பெரும்பாலும் முன்வரிசைக்காரர்கள்தான். பின்னால் உட்கார்ந்திருக்கும் மாணவிகளும், பேச்சுத்தமிழில் கேட்டால் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்கும் பெரியவர்களும் மனதில் கேள்வியோடு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுடைய கேள்வி மேடைக்கு வந்து சேர்கிறதா என்பதை வைத்துத்தான் எந்த முறை நல்லது என்று பார்க்கிறேன்.

மைக்கின் பலம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. கீழடி பற்றி ஓர் உரை என்று வைத்துக்கொள்வோம். "2600 வருஷம்னா, அங்க கிடைச்ச எல்லாமே அவ்வளவு பழசா?" என்று ஒருவர் கேட்கிறார். கி.மு. 580 என்ற காலம் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரிம மாதிரிக்கு உரியது, குழியில் கிடைத்த எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிவிட முடியாது என்று பேச்சாளர் விளக்குகிறார். உடனே அவர், "அப்ப மேலடுக்குல கிடைச்சதுக்குக் காலத்தை எப்படிச் சொல்றீங்க?" என்கிறார். அரங்கம் நிமிர்ந்து உட்காருவது அந்த இரண்டாவது கேள்விக்குத்தான். சீட்டில் அது வராது.

ஆனால் அதே மைக் சிலர் கையில் கேள்வியை விட்டுவிட்டுத் தனி உரையாகிவிடும். இருக்கும் கால் மணி நேரத்தில் இரண்டு பேர் அப்படிப் பேசினாலே பாதிக்கு மேல் போய்விடும். இதற்கு வழி உண்டு. மைக்கைக் கையில் கொடுக்காமல் தன்னார்வலரே பிடித்துக்கொள்ள வேண்டும். கேள்வியைப் பேச்சாளர் ஒரே வரியில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் கடைசி வரிசைக்கும் கேள்வி கேட்கும், நீண்டு போன பேச்சும் சுருங்கும்.

துண்டுச்சீட்டு கூச்சத்தைப் போக்குகிறது. பெயர் எழுத வேண்டியதில்லை, எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஒரே மாதிரியான ஐந்து கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிடலாம். ஆனால் எல்லாம் சீட்டைப் பிரிப்பவரின் நேர்மையைப் பொறுத்தது. சங்கடமான கேள்வியை அவர் அடியில் ஒளித்துவிட்டால் எழுதியவருக்குத் தெரியாமல் போகாது, அடுத்த முறை எழுதவும் மாட்டார். அதனால் கடினமான ஒன்றை முதலிலேயே படித்துவிடுவது நல்லது. சீட்டை உரை முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே வாங்கிவிட வேண்டும். முடிந்த பிறகு காகிதம் கொடுத்தால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்.

விவசாயிகள் கூட்டத்தில் இந்த இரண்டுமே சரிப்படாது. மல்லிகைக்காரர் மொட்டுப்புழு தின்ற மொட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருப்பார். கேள்வி கையிலேயே இருக்கிறது, அதைக் காகிதத்தில் எழுதச் சொல்வதில் அர்த்தமில்லை. கடைசி வரை காத்திருக்கச் சொல்வதும் தவறு. விடியும் முன்பே பூப்பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பிவிட்டு வந்தவர் பஸ் நேரம் பார்த்துக் கிளம்பிவிடுவார். இங்கே இடையிடையே கேட்க விடுவதுதான் சரி. உரையின் வரிசை குலையத்தான் செய்யும், குலையட்டும். ஆனால் நூறு பேர் அரங்கில் இதைச் செய்தால் உரை முடியாது. முப்பது பேர் வரைக்கும்தான் இது தாங்கும்.

வாட்ஸ்அப் எண் கொடுத்துக் கேள்வி வாங்குவது பொறியியல் கல்லூரிகளில் எடுபடுகிறது. வயதானவர்கள் கலந்த கூட்டத்தில் அது அவர்களை ஒதுக்கிவிடும்.

நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற இடத்தில், மாணவர், ஆசிரியர், ஓய்வுபெற்றவர் எல்லோரும் கலந்த கூட்டத்துக்கு என் தேர்வு முதலில் சீட்டு, அப்புறம் மைக். நான்கைந்து சீட்டுகளுக்குப் பதில் சொன்ன பிறகு, "இதை எழுதியவர் இன்னும் ஏதாவது கேட்கணுமா?" என்று மைக்கை அனுப்பினால், தயங்கியவரே எழுந்திருக்க வாய்ப்பு அதிகம். பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியவில்லை என்று சொல்லி, பார்த்துச் சொல்வதற்காக அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளலாம்.

நிகழ்ச்சி நிரல் போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை எல்லாவற்றையும் கேள்வி நேரத்துக்குப் பிறகு வையுங்கள். உரை நீண்டுபோனால் பெரும்பாலும் வெட்டுப்படுவது கேள்வி நேரம்தான். பொன்னாடையை யாரும் வெட்டுவதில்லை.