கியர்பாக்ஸ் எண்ணெய்க் கசிவு: இறுக்குவதா, பசையா, புதிய கேஸ்கட்டா?

ஆட்டோமேட்டிக் காரை நிறுத்திய இடத்தில் சிவப்பு எண்ணெய்த் துளிகள் கிடந்தால், கோலாலம்பூரின் செந்தூலிலும் ஜாலான் ஈப்போவிலும் உள்ள பட்டறைகளில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். போல்ட்டை இறுக்கினால் போதும் என்பார் ஒருவர். கசிவை நிறுத்தும் திரவத்தை ஊற்றச் சொல்வார் இன்னொருவர். சிலிக்கான் பசையா, புதிய கேஸ்கட்டா (இரு பாகங்கள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்க வைக்கும் பட்டை) என்ற விவாதமும் உண்டு. என் ஓட்டு ரப்பர் கேஸ்கட்டுக்கு. ஆனால் கியர்பாக்ஸின் அடியில் எண்ணெயைத் தாங்கும் தட்டான ஆயில் பானின் விளிம்பைச் சமப்படுத்தாமல் போட்டால் அதுவும் வீண்செலவுதான்.

முதலில் கசிவு பானிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். எண்ணெய் மேலே எங்கு கசிந்தாலும் வழிந்து வந்து பானின் விளிம்பில்தான் சொட்டும். கூலர் குழாய், கியர் தண்டின் சீல், ஆக்சில் சீல் எதுவாகவும் இருக்கலாம். அடிப்பகுதியை நன்றாகத் துடைத்து, டால்கம் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஈரக்கோடு தொடங்கும் இடம் தெரிந்துவிடும்.

போல்ட்டை இறுக்குவதற்குக் காசு செலவில்லை. போல்ட் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் பலனும் உண்டு. ஆனால் இந்தச் சிறிய போல்ட்டுகள் பெரும்பாலான கார்களில் 5 முதல் 12 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு மேல் கேட்பதில்லை. சக்கர நட்டுக்கோ 100 அளவில் தேவைப்படும். அந்தக் கைப்பழக்கத்தோடு இங்கே இறுக்கினால் கார்க் (தக்கை) கேஸ்கட் பிதுங்கி வெளியே வரும், தகரப் பானில் போல்ட் துளையைச் சுற்றிக் குழி விழும். விளிம்பு நெளிந்த டிபன் டப்பா எவ்வளவு அழுத்தினாலும் மூடாது, பானும் அப்படித்தான்.

கசிவை நிறுத்தும் திரவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது காய்ந்து சுருங்கிய ரப்பர் சீலை உப்ப வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த கார்க்கையோ நெளிந்த தகரத்தையோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சிலிக்கான் பசையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல ஜப்பானியக் கியர்பாக்ஸ்களைத் தொழிற்சாலையிலேயே கேஸ்கட் இல்லாமல் பசையால் மட்டும் ஒட்டி அனுப்புகிறார்கள். அத்தகைய காரில் பசைதான் சரி. காற்றின் ஈரத்தை இழுத்து இறுகும் பொருள் என்பதால் கோலாலம்பூர் வானிலை அதற்குச் சாதகம். என்றாலும் உட்புறம் பிதுங்கிய பசைத்துண்டு உடைந்து ஃபில்டரிலோ வால்வுத் துளையிலோ போய் அடைத்தால், சிறு கசிவு பெரிய செலவாகிவிடும். மெல்லிய, அறுபடாத ஒரே கோடு போதும். எண்ணெய் ஊற்றும் முன் பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை பொறுக்க வேண்டும்; முழுதாக இறுக 24 மணி நேரம் கேட்கும் வகைகள் பல. மாலைக்குள் காரைக் கொடுக்க வேண்டிய பட்டறையில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடிவதில்லை. பசைக்கும் எனக்கும் அங்கேதான் ஒத்துப்போகவில்லை.

கேஸ்கட் வைக்கும்படி அமைந்த பான் என்றால், நடுவில் எஃகு வைத்த ரப்பர் கேஸ்கட்டையே கேட்டு வாங்குங்கள். கார்க் மலிவு, ஆனால் வெப்பத்தில் காய்ந்து சுருங்கிவிடும். நெரிசலில் ஊர்ந்தபின் கியர்பாக்ஸ் எவ்வளவு சூடாகிறது என்று நமக்குத் தெரியும். ரப்பர் கேஸ்கட்டைக் காய்ந்த, எண்ணெய்ப் பிசுக்கில்லாத பரப்பில் வெறுமனே வைக்க வேண்டும். அதன்மேல் பசையும் தடவினால் வழுக்கி இடம் நகர்ந்துவிடும். அதற்கு முன் பானின் விளிம்பை மரக்கட்டையின்மேல் வைத்து, குழிந்த துளைகளை உள்ளிருந்து மெல்லத் தட்டிச் சமமாக்குங்கள். துரு தின்ற பானைத் தட்டிப் பயனில்லை. புதிது வாங்குவதே நல்லது. போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

பானைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் காந்தத்தையும் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். உலோகத் துண்டுகள் கிடந்தாலோ எண்ணெய் கருகி நாறினாலோ, கேஸ்கட்டை மறந்துவிட்டுக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் பட்டறைக்குப் போங்கள்.

கடைசியில் கார் கையேடு சொல்லும் எண்ணெயையே ஊற்றுங்கள். சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத வகை) கியர்பாக்ஸுக்குச் சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஆகாது. எண்ணெயின் அளவையும் கையேடு சொல்லும் முறையில், சமதரையில் பார்க்க வேண்டும்.