முதல் நாளுக்கு இரண்டு, இரண்டாம் நாளுக்கு ஐந்து

புதிதாகச் சேருபவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது எப்படி என்று எங்கள் அலுவலகத்தில் சீனியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனம் வந்து நடத்தியது. முடிந்த அன்றே கருத்துப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் வேலையில் பயன்படுத்திப் பார்த்த பிறகு மதிப்பெண் மாறிவிட்டது.

முதல் நாள் முழுக்க ஸ்லைடுதான். பேசியவர் நன்றாகவே பேசினார், யாரும் தூங்கவில்லை. ஆனால் படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்று ஒரு முக்கோணப் படம் காட்டினார் பாருங்கள், அந்த எண்களுக்குப் பின்னால் எந்த ஆய்வும் கிடையாது. இதற்கு மூலமாகச் சொல்லப்படும், அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-ல் வரைந்த கூம்புப் படத்தில் சதவீதமே இல்லை, பிற்பாடு யாரோ ஒட்டிவிட்டது. அடுத்து, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே உளவியலாளர் ஹரால்ட் பாஷ்லர் குழுவினர் ஆய்வுகளை அலசி எழுதிவிட்டார்கள். கற்றுக்கொடுக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் இதையெல்லாம் சரிபார்க்காமல் வருவது எனக்குக் கோபமாகவே இருந்தது.

இரண்டாம் நாள் வேறொரு அம்மா வந்தார். ஸ்லைடு இல்லை. ஆளுக்கு ஒரு துண்டு மின்கம்பி கொடுத்தார், ஒரு முனையில் இரண்டு இழைகளும் பிரித்துவிடப்பட்டிருந்தன. ஒரு முடிச்சைப் போடும் முறையை வாயால் மட்டும் சொன்னார். ஒருவருக்கும் வரவில்லை. எதிரே நின்று வேகமாகப் போட்டுக் காட்டினார். அப்போதும் வரவில்லை, எதிரே நின்று பார்த்தால் இடது வலது மாறிவிடுகிறதே. அப்புறம் எங்களில் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக, எந்த இடத்தில் கவனம் வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்லிச் செய்து காட்டிவிட்டு, கம்பியை அவர் கையில் கொடுத்து "இப்போது நீங்கள் செய்துகொண்டே எனக்குச் சொல்லுங்கள்" என்றார். வந்துவிட்டது. இது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான மேற்பார்வையாளர்களுக்குக் கொடுத்த டி.டபிள்யூ.ஐ. (Training Within Industry, தொழிலகத்துக்குள்ளேயே பயிற்சி) என்ற பயிற்சி, முடிச்சும் அங்கிருந்து வந்ததுதான். "தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை" என்பது அவர்களுடைய வாசகம்.

அடுத்த வாரமே எனக்கு இது உதவியது. அதுவரை புதியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, மவுஸை நான் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று செய்து காட்டி, "புரிந்ததா?" என்பேன், அவர்களும் "புரிந்தது சார்" என்பார்கள். இந்த முறை மவுஸை அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். திருப்பி வந்த சரக்கைப் பதிவு செய்யும்போது பில் எண்ணை முதலில் அடித்தான். ஏன் அது முதலில் என்று கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. பில் எண் இல்லாமல் சேமித்தால் பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும் என்பதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லாமலே விட்டிருக்கிறேன். மாதாமாதம் வரும் தவறு அங்கேதான் பிறந்திருக்கிறது.

நிறுவனத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை, முடிந்த பிறகு அவர்கள் திரும்பிப் பார்க்காதது. தொடர் பயிற்சி உண்டு என்று சொல்லியிருந்தார்கள், ஒரு பிடிஎஃப் மட்டும் வந்தது. திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதுதான் நிலைக்கும்: ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவுகூர்ந்து பார்த்தவர்கள் முந்தினார்கள். மாலை ஐந்து மணிக்கு வாங்கும் கருத்துப் படிவத்தால் இது தெரியவே தெரியாது. எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் பழையபடி மவுஸைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் வந்து கேட்கவில்லை.

மறுபடி கூப்பிடலாமா என்றால், கூப்பிடலாம். முதல் நாள் வேண்டவே வேண்டாம். அந்த அம்மாவையே கேளுங்கள், அவருடைய ஒரு நாளை இரண்டு அரை நாளாகப் பிரித்து, நடுவில் மூன்று வாரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். எங்கள் எச்ஆரிடம் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.