வண்ணம் மாற்றும்போது ஏர்பிரஷ்: தண்ணீரா, ஐபிஏவா, தின்னரா?

காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தூவும் பேனா மாதிரிக் கருவியான ஏர்பிரஷ்ஷில் ஒரு வண்ணம் முடிந்து அடுத்ததை ஊற்றுவதற்குள் எவ்வளவு கழுவ வேண்டும்? மாடல் செய்கிறவர்களிடையே இதில் இரண்டு கட்சி உண்டு. ஒவ்வொரு தடவையும், பெயின்ட் வெளியே வரும் முனையான நாசில் வரை கழற்றித் துடைக்க வேண்டும் என்பது ஒன்று. பெயின்ட் ஊற்றுகிற கப்பில் தண்ணீர் ஊற்றிப் பீய்ச்சிவிட்டுப் போய்க்கொண்டே இரு என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனால் ஊற்றுகிற தண்ணீர் எது என்பதில் எனக்கு வழக்கு உண்டு. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்தில் உட்கார்ந்து பெயின்ட் அடிப்பவர்களுக்கு வெளியூர் வீடியோக்கள் சொல்லித்தராத சங்கதி அது.

நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். எவர்சில்வர் குடத்தில் நாலு நாள் பிடித்து வைத்தால் உள்ளே வெள்ளைப் படலம் கட்டுகிறதே, அதே படலம்தான் நாசிலுக்குள்ளும் கட்டும். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். 0.3 மி.மீ. ஓட்டையை எதைப் போட்டுத் தேய்ப்பது? நாசிலுக்குள் ஓடும் ஊசியின் முனையில் ஒரு பொடி ஒட்டினாலே பெயின்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும், கோடு பிசிறடிக்கும். பெயின்ட் சரியாகக் கரையவில்லை என்று நினைத்துக்கொண்டு மேலும் மேலும் தண்ணீர் சேர்ப்போம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடென்றால் அதை ஊற்றலாம், பரவாயில்லை. அதைவிட நல்லது பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். ஒரு கேன் வாங்கினால் வெகுநாள் வரும்.

வல்லேஹோ போன்ற தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட் என்றால், வண்ணம் மாற்ற இந்தத் தண்ணீரே போதும், செய்கிற விதத்தில் செய்தால். கப்பில் மிச்சம் இருக்கும் பெயின்ட்டை முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் தண்ணீர் ஊற்றினால் பெயின்ட்டைக் கழுவுவதற்குப் பதில் கரைத்துக்கொண்டிருப்போம். கால் கப் தண்ணீர் விட்டு, கப்பின் சுவரைப் பழைய பிரஷ்ஷால் ஒரு சுற்று சுற்றிப் பீய்ச்சி வெளியே தள்ளுங்கள். மறுபடி கால் கப். இந்த முறை முனையை ஈரத் துணியால் லேசாக மூடிக்கொண்டு டிரிகரை மெல்ல இழுத்தால், வெளியே போக வழியில்லாத காற்று பின்னால் திரும்பிக் கப்பில் குமிழியிடும். தெளிவாக இருந்த தண்ணீர் சட்டென்று கலங்கும். நாசிலுக்குள் ஒளிந்திருந்தது அவ்வளவும் மேலே வந்திருக்கும். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு கால் கப் பீய்ச்சி, வெள்ளை டிஷ்யூவில் அடித்துப் பாருங்கள். நிறம் ஏறவில்லை என்றால் அடுத்த வண்ணத்தை ஊற்றலாம். மொத்தமே இரண்டு மூன்று நிமிட வேலை. கப் நிறைய ஊற்றிக்கொண்டு மட்டும் குமிழி விடாதீர்கள், மாடல் மேலேயே தெறிக்கும்.

பீய்ச்சுவதற்கென்று விற்கும் கண்ணாடி ஜாடி நல்லதுதான், கட்டாயமில்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் இரண்டு ஓட்டை வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் உள்ளே போன காற்று வந்த வழியாகவே பெயின்ட்டோடு முகத்துக்கு வரும்.

அடுத்து ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ராமநாதபுரத்தில் செல்போன் சர்வீஸ் கடைக்காரர்களிடம் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். போர்டு துடைக்க அவர்கள் வைத்திருப்பது அதுதான். தாமியா அக்ரிலிக்குக்கு இதை மிஞ்சிய ஆளில்லை. அந்தப் பெயின்ட்டே ஆல்கஹால் கலந்தது, தண்ணீரில் முரண்டு பிடிப்பது ஐபிஏ பட்டதும் ஓடிவிடும். ஆனால் வல்லேஹோ உள்ளே இருக்கும்போது நேராக ஐபிஏ ஊற்றினால் பெயின்ட் கரையாது, பிசின் மாதிரித் திரண்டு நாசிலில் குந்திக்கொள்ளும். பிறகு கழற்றாமல் விமோசனம் இல்லை. அதனால் இங்கே வரிசை முக்கியம்: முதலில் தண்ணீர், பெயின்ட் முழுக்கப் போன பிறகு கடைசியாக நாலு சொட்டு ஐபிஏ. இந்தக் கடைசிச் சொட்டுகளை நான் விடுவதில்லை. ஐபிஏ சீக்கிரம் ஆவியாகும், போகிறபோது உள்ளே தங்கிய ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். உப்புக் காற்றில் பித்தளை உடம்பை ஈரத்தோடு வைத்தால், குரோம் உரிந்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்க அதிக நாள் ஆகாது.

கண்ணாடி துடைக்கும் நீல திரவத்தைச் சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். காய்ந்த அக்ரிலிக்கை அது இளக்கும், மறுக்கவில்லை. அமோனியா உள்ள வகை என்றால் பித்தளைக்கும் குரோம் பூச்சுக்கும் ஆகாது. இரவு முழுக்க ஊறப்போடுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறும். ஒரு தடவை பீய்ச்சி உடனே தண்ணீரால் கழுவினால் குற்றமில்லை. தண்ணீரும் ஐபிஏவும் கையில் இருக்கும்போது இதற்கென்ன அவசியம் என்பதுதான் என் கேள்வி.

தின்னர் விஷயம் வேறு. ஹார்டுவேர் கடையில் "தின்னர் குடுங்கண்ணே" என்றால், "என்.சி.யா, டர்பன்டைனாப்பா?" என்று திருப்பிக் கேட்பார். என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கான தின்னர். சரியான கேள்வி. மிஸ்டர் கலர் மாதிரி லாக்கர் பெயின்ட்டுக்கு என்.சி. தின்னர். ஹம்ப்ரால் மாதிரி எனாமலுக்கு டர்பன்டைன். இந்த இரண்டு பெயின்ட்டையும் தண்ணீரால் கழுவ நினைப்பதே வீண். சுத்தம் செய்யும் வேகத்தில் என்.சி. தின்னரை அடிக்க எதுவும் இல்லை, ஒரே பீய்ச்சில் கப் பளிச்சென்று ஆகிவிடும். இதைப் பார்த்துவிட்டு அக்ரிலிக்குக்கும் இதையே ஊற்றுகிறவர்கள் உண்டு. நான் சேர மாட்டேன். சாதாரண ரப்பர் ஓ-ரிங் அதில் உப்பிப்போகும், டெஃப்லான் வளையம்தான் தாங்கும். மலிவு விலை ஏர்பிரஷ்ஷில் எது இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். டொலுயீன் கலந்த அந்த நெடியை மூடிய அறையில் இழுக்கக் கூடாது, பக்கத்தில் அடுப்பும் கூடாது. கழுவிய தின்னரை எங்கே கொட்டுவது என்றும் யோசிக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவில் மணலுக்கு அடியில் உப்பு நீர் மேல் மெல்லியதாக மிதக்கிற நல்ல தண்ணீரைத்தான் ஊற்று தோண்டி எடுக்கிறார்கள். அந்த மணலில் தின்னரைக் கொட்ட எப்படி மனசு வரும்? ஒரு டின்னில் சேர்த்து, வண்டல் படிந்ததும் மேலே தெளிந்ததை முதல் அலசுக்கு மறுபடி பயன்படுத்தலாம்.

முழுக்கக் கழற்றுவது பற்றி. அன்றைய வேலை முடிந்ததும் அது அவசியம்தான். வண்ணத்துக்கு வண்ணம் செய்தால் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். சின்ன நாசில்களின் மரை நூல்போல மெல்லியது, ஸ்பேனரைக் கொஞ்சம் அதிகம் திருகினால் முறிந்துவிடும். ஊசியைப் பின்னால் இழுக்கும்போது அதில் ஒட்டிய பெயின்ட் டிரிகருக்கு அடுத்துள்ள அடைப்பு வளையத்தில் போய் அப்பிக்கொள்ளும், டிரிகர் ஒட்ட ஆரம்பிப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே அலசிய பிறகே ஊசியை உருவ வேண்டும். துடைப்பதும் தடித்த பக்கத்திலிருந்து முனையை நோக்கி, சுழற்றிக்கொண்டே. திருப்பித் துடைத்தால் ஒன்று விரல் குத்தும், இல்லையென்றால் முனை வளையும். ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன்: எப்போதாவது நாசிலுக்கு நல்லது, நடுவில் வேண்டாம்.

எந்தத் திரவம் என்பதைவிட எந்த வரிசையில் வண்ணம் அடிக்கிறோம் என்பது பாதி வேலையைக் குறைக்கும். வெள்ளை, மஞ்சள் முதலில்; சிவப்பு, நீலம் பிறகு; கறுப்பு கடைசி. ஒரே சாம்பலில் மூன்று அழுத்தம் என்றால் கழுவவே வேண்டாம், கப்பிலேயே அடுத்ததைச் சேர்த்துக்கொண்டு போகலாம். கறுப்புக்குப் பின் மஞ்சள் என்று மாட்டிக்கொண்டால் மட்டும் ஊசியை உருவித் துடைத்துவிடுங்கள்.

வெள்ளி, தங்கம் வகைகளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் முழுதாகப் பலிக்காது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் தூக்குப் பகுதியை மாடலாகச் செய்து வெள்ளிச் சாம்பல் அடிக்கிறோம், அடியில் நிற்கும் நாட்டுப்படகுக்கு நீலம் என்று வையுங்கள். தண்ணீர் தெளிவாக வந்த பிறகும் படகின் விளிம்பில், விளக்கைச் சாய்த்துப் பார்த்தால், மீன் செதில் தூள்போல நாலு மினுக்குப் பொட்டு தெரியும். உலோகத் துகள் கரைகிற பொருள் இல்லை. நாசில் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்து அடுத்த வண்ணத்தோடு ஒவ்வொன்றாக வரும். படகை முதலில் முடித்துவிட்டுப் பாலத்துக்குப் போவது ஒரு வழி. இல்லையென்றால் மலிவான 0.5 மி.மீ. ஏர்பிரஷ் ஒன்றை வாங்கி உலோக நிறத்துக்கென்றே ஒதுக்கிவிடலாம். விலை உயர்ந்த கிளீனர் பாட்டில்களுக்குக் கொடுக்கும் காசை நான் அதற்குத்தான் கொடுப்பேன். அதையும் வாங்கிய பிறகு மிச்சம் இருந்தால் காற்று தரும் கம்ப்ரசருக்கு, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைக்கும் நல்ல ஈரப்பொறி ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்துக்கொண்டால், எவ்வளவு கழுவிய ஏர்பிரஷ்ஷும் ஹோஸ் வழியாக வரும் தண்ணீரைத்தான் துப்பும்.